ஆர்மலைட்: ராணுவங்கள் ஒதுக்கிய துப்பாக்கியும் பெல்ஃபாஸ்ட்டின் தலைமறைவுப் படையும்

ஆயுதக் கிளர்ச்சி என்றதும் நமக்கு ஏகே-47தான் நினைவுக்கு வரும். வட அயர்லாந்தில் அந்த இடம் ஆர்மலைட்டுக்கு. 1970களில் பெல்ஃபாஸ்ட் தெருச் சுவர்கள் முதல் கட்சி மாநாட்டு மேடைகள் வரை அடிபட்ட பெயர் அது. கலிஃபோர்னியாவில் வடிவமைக்கப்பட்ட ஏஆர்-18 என்ற தாக்குதல் ரைஃபிளைத்தான் பெரும்பாலும் அப்படி அழைத்தார்கள். எந்த நாட்டு ராணுவமும் அதைத் தன் வீரர்களுக்கான பொதுத் துப்பாக்கியாக ஏற்கவில்லை. அமெரிக்கா, ஜப்பான், பிரிட்டன் மூன்றிலும் சேர்த்துத் தயாரானவையே சுமார் இருபதாயிரம்தான். கோடிக்கணக்கில் பெருகிய கலாஷ்னிகோவ் குடும்பத்தோடு வைத்துப் பார்த்தால் இது கணக்கிலேயே வராது.

அப்படிப்பட்ட ஒரு துப்பாக்கி, வட அயர்லாந்தைப் பிரிட்டனிடமிருந்து பிரித்து அயர்லாந்தோடு இணைக்கப் போராடிய ஐரிஷ் குடியரசுப் படையின், அதாவது ஐஆர்ஏவின், அடையாளமாக மாறியது எப்படி? அரசியல் காரணங்களைப் பலரும் எழுதிவிட்டார்கள். துப்பாக்கியையே கையிலெடுத்துப் பார்த்தால் வேறு இரண்டு காரணங்கள் தெரிகின்றன. ஒன்று, அதனுள் ஒரு ஸ்பிரிங் பொருத்தப்பட்ட இடம். இன்னொன்று, அமெரிக்கத் துப்பாக்கிக் கடைகளின் திறந்த கதவு. இந்த இரண்டும் சேர்ந்துதான் ஒரு நகரத்தின் அன்றாட வாழ்க்கையையே மாற்றின என்பது என் வாதம்.

பழைய துப்பாக்கிகளின் காலம்

1969 ஆகஸ்டில் பெல்ஃபாஸ்ட்டில் மதக்கலவரம் வெடித்து, பாம்பே தெருவில் கத்தோலிக்கக் குடும்பங்களின் வீடுகள் எரிக்கப்பட்டபோது, ஐஆர்ஏவிடம் மக்களைக் காக்கும் அளவுக்கு ஆயுதம் இல்லை. அந்த ஆத்திரத்திலும் ஏற்கெனவே இருந்த கொள்கைச் சண்டையிலும் டிசம்பரில் இயக்கம் இரண்டாக உடைந்தது. "புரொவிஷனல்" என்ற பெயரில் பிரிந்த அணிதான் அடுத்த முப்பது ஆண்டுகள் போரை நடத்தியது. இந்தக் கட்டுரையில் ஐஆர்ஏ என்று சொல்வது அந்த அணியைத்தான்.

கையிருப்பில் இருந்தவை எல்லாம் முந்தைய போர்களின் மிச்சம்: லீ என்ஃபீல்டு, தாம்சன், ஸ்டென், அமெரிக்க எம்1 கராண்ட். லீ என்ஃபீல்டும் கராண்டும் நல்ல துப்பாக்கிகள்தான். ஆனால் ஒவ்வொன்றும் ஒரு மீட்டருக்கு மேல் நீளம். கெட்டியான மரக்கட்டை. வயல்வெளியில் படுத்துச் சுடுவதற்கு அது சரி. பெல்ஃபாஸ்ட்டில் கத்தோலிக்கர்கள் வாழும் ஃபால்ஸ் சாலைப் பகுதி அப்படியல்ல. சுவரோடு சுவர் ஒட்டிய சின்னச் சின்னத் தொழிலாளர் வீடுகள், கொல்லைப்புறச் சந்துகள், முனைக்கு முனை ராணுவ ரோந்து. அங்கே மீட்டர் நீளக் கட்டையைத் தூக்கிக்கொண்டு ஒருவர் பத்து அடி நடக்க முடியாது. 1970 ஜூலையில் பிரிட்டிஷ் ராணுவம் கீழ் ஃபால்ஸ் பகுதியை ஊரடங்கில் வைத்து வீடு வீடாகச் சோதனை போட்டபோது நூறு துப்பாக்கிகளுக்கு மேல் சிக்கின. ஒளித்து வைக்க முடியாத ஆயுதம் போய்விடும் என்ற பாடம் அன்றைக்கே கிடைத்தது.

ஸ்பிரிங் இருந்த இடம்

ஆர்மலைட் நிறுவனம் 1950களில் ஃபேர்சைல்டு என்ற விமானத் தயாரிப்பு நிறுவனத்தின் ஒரு சிறு பிரிவாகத் தொடங்கியது. யூஜீன் ஸ்டோனர் அங்கே உருவாக்கிய ஏஆர்-15ன் உரிமையை 1959ல் கோல்ட் நிறுவனத்துக்கு விற்றுவிட்டார்கள். அதுதான் எம்16 ஆகி வியட்நாம் போனது. கையிலிருந்த தங்கமுட்டையைக் கொடுத்துவிட்ட நிறுவனம், அதே 5.56 மி.மீ. தோட்டாவுக்கு வேறொரு துப்பாக்கியைச் செய்ய முனைந்தது. பொறியாளர் ஆர்தர் மில்லர் தலைமையில் 1963ல் பிறந்தது ஏஆர்-18.

உருக்கித் தட்டிச் செதுக்கும் அலுமினிய உடலுக்குப் பதிலாக, அச்சில் அழுத்தி மடித்துப் பற்றவைத்த எஃகுத் தகடு. பெரிய இயந்திரச் சாலைகள் இல்லாத நாடுகளும் சொந்தமாகத் தயாரித்துக்கொள்ளலாம் என்பது எண்ணம். எம்16ல் வெடித்த வாயு நேராகத் துப்பாக்கியின் உள்ளே பாய்ந்து கரியை அப்பும். ஏஆர்-18ல் குழலுக்கு மேலே ஒரு குட்டை பிஸ்டன் அந்த வேலையை வெளியிலேயே முடித்துவிடும்.

இங்கே கவனிக்க வேண்டியது ஸ்பிரிங். எம்16ஐச் சுடும்போது பின்னால் ஓடிவரும் போல்ட்டைத் திரும்பத் தள்ளும் ஸ்பிரிங், தோளில் முட்டும் பட்டைக்குள் இருக்கும் ஒரு நீளக் குழாயில் உட்கார்ந்திருக்கிறது. அதனால் அந்தப் பட்டையை மடிக்க வழியில்லை. ஏஆர்-18ல் இரண்டு மெல்லிய கம்பிகள்மேல் இரண்டு ஸ்பிரிங்குகள், எல்லாம் துப்பாக்கியின் உடலுக்குள்ளேயே. பட்டைக்கு உள்வேலை எதுவும் கிடையாது. ஒரு கீல் வைத்துப் பக்கவாட்டில் மடித்துவிடலாம். நீட்டினால் 96 செ.மீ., மடித்தால் 74 செ.மீ.க்குள். எடை மூன்று கிலோ. எதிரில் நின்ற பிரிட்டிஷ் வீரனின் எஸ்எல்ஆர் ரைஃபிள் ஒரு மீட்டரையும் தாண்டிய நீளம், நான்கு கிலோவுக்கு மேல் எடை.

ஹெலிகாப்டரிலும் கவச வண்டியிலும் ஏறி இறங்கும் வீரனை மனத்தில் வைத்து வடிவமைத்தது, குளிர்கால மேல்கோட்டுக்குள் துப்பாக்கியை மறைக்க வேண்டிய ஒருவருக்குக் கச்சிதமாகப் பொருந்திவிட்டது. அமெரிக்க ராணுவம் சோதித்துப் பார்த்து வேண்டாம் என்றது. எம்16 அதற்குள் நிலைபெற்றிருந்தது. வேறு நாடுகளும் வாங்கவில்லை. போட்ட முதலை எடுக்க நிறுவனத்துக்கு இருந்த ஒரே வழி, ஒவ்வொரு விசைக்கும் ஒரு குண்டு மட்டும் பாயும் ஏஆர்-180 என்ற பொதுமக்கள் வடிவத்தை அமெரிக்கக் கடைகளில் விற்பது.

கடையில் வாங்கிய போர்

கீழ் ஃபால்ஸ் பகுதியின் ஐஆர்ஏ தளபதியாக இருந்த பிரெண்டன் ஹியூஸ், பின்னாளில் பதிவுசெய்த வாய்மொழி வரலாற்றில் இந்தத் துப்பாக்கி வந்த கதையைச் சொல்கிறார். ஆர்மலைட் பற்றிய ஒரு விளம்பரக் கையேடு கண்ணில் பட்டதும் இதுதான் நமக்கான ஆயுதம் என்று தோன்றியதாம். ஆள் அனுப்பி நியூயார்க்கில் வாங்கச் செய்து, சௌதாம்ப்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே ஓடிய குவீன் எலிசபெத் 2 என்ற சொகுசுக் கப்பலின் ஐரிஷ் ஊழியர்கள் மூலம் கொண்டுவந்ததாகச் சொல்கிறார். பிரிட்டனின் பெருமைக்குரிய பயணிகள் கப்பலிலேயே பிரிட்டிஷ் வீரர்களைச் சுடும் துப்பாக்கி வந்திறங்கியது.

இந்த வலையின் அமெரிக்க முனையில் இருந்தவர் ஜார்ஜ் ஹாரிசன். மேயோ மாவட்டத்தில் பிறந்து 1938ல் நியூயார்க் போனவர்; பணம் ஏற்றிச் செல்லும் பாதுகாப்பு நிறுவனத்தில் காவலர் வேலை. 1950களிலேயே ஐஆர்ஏவுக்குத் துப்பாக்கி அனுப்பத் தொடங்கிவிட்டார். அவருக்குச் சரக்குக் கொடுத்தவர் ஜார்ஜ் டி மியோ என்ற ஆயுத வியாபாரி. இந்த இருவர் வழியாக இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகள் அயர்லாந்து போயிருக்கலாம் என்பது பரவலான மதிப்பீடு.

அமெரிக்காவின் 1968ம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், கடைக்காரர் உரிமம் வைத்திருக்க வேண்டும், வாங்குபவரின் பெயரைப் பதிய வேண்டும் என்றது. ஒரு குடிமகன் இத்தனை ரைஃபிள்களுக்கு மேல் வாங்கக்கூடாது என்று அது எங்கும் சொல்லவில்லை. ஒருவருக்காக இன்னொருவர் போய் வாங்கிக் கொடுத்தால் கண்டுபிடிப்பது கடினம். தோட்டாவுக்கும் அலைய வேண்டாம். அதே அளவுத் தோட்டா வேட்டைக்காரர்களுக்கு .223 என்ற பெயரில் எல்லாக் கடைகளிலும் கிடைத்தது. லிபியாவிலிருந்தோ கிழக்கு ஐரோப்பாவிலிருந்தோ வாங்க ஓர் அரசின் தயவு வேண்டும். நியூயார்க்கில் வாங்கப் பணமும் அடையாள அட்டையும் போதும். ஆர்மலைட் ஐஆர்ஏவின் துப்பாக்கியானதற்கு இதுவே நேரடியான காரணம்.

வாஷிங்டன் இதை முற்றாகக் கண்டுகொள்ளவில்லை என்று சொல்ல முடியாது. 1972ல் டெக்சாஸின் ஃபோர்ட் வொர்த்தில் ஆயுதக் கொள்முதல் பற்றிச் சாட்சி சொல்ல மறுத்த ஐந்து நியூயார்க் ஐரிஷ்காரர்களைச் சிறையில் அடைத்தார்கள். ஆனால் ஹாரிசனை எஃப்பிஐ பிடித்தது 1981ல்தான். புருக்ளின் நீதிமன்றத்தில் நடந்த அந்த வழக்கு விசித்திரமானது. ஆறு மாதமாக ஆயுதம் கடத்தினார் என்று அரசுத் தரப்பு சொன்னதும், அது தன் கட்சிக்காரருக்கு அவமானம், அவர் கால் நூற்றாண்டாக இதைச் செய்துவருகிறார் என்றார் அவருடைய வழக்கறிஞர். டி மியோவின் பின்னால் சிஐஏ இருக்கிறது என்று நம்பித்தான் செயல்பட்டோம் என்பது அவர்கள் வாதம். 1982 நவம்பரில் ஹாரிசனும் அவருடன் குற்றம்சாட்டப்பட்ட நால்வரும் விடுதலையானார்கள். அவர்களில் ஒருவரான மைக்கேல் ஃபிளானரி, அடுத்த ஆண்டு நியூயார்க் செயின்ட் பேட்ரிக் தின ஊர்வலத்துக்குத் தலைமை தாங்கி நடந்தார். கடலுக்கு அப்பால் உறவினர் பட்ட துயரத்தின் மீதான பரிவு எவ்வளவு உண்மையானதோ, தாங்கள் அனுப்பியது யார் நெஞ்சில் பாயும் என்பதைப் பார்க்காமல் இருப்பதும் அந்த ஊர்வலத்தில் அவ்வளவு எளிதாக இருந்தது. புலம்பெயர்ந்த எந்தச் சமூகமும் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்கலாம்.

தெருவில் நடந்தது

1971, 72ல் ஆர்மலைட்டின் வருகை உடனே உணரப்பட்டது. வேகமான சிறு குண்டு, குறி தப்பாத எளிமை, சுட்ட மறுநொடி மறைத்துவிடக்கூடிய அளவு. வேகமாகச் சுடும் வசதி அங்கே பெரிதாகத் தேவைப்படவில்லை. தோட்டா அருமையான சரக்கு என்பதால் ஒன்றிரண்டு சுட்டுவிட்டு விலகுவதுதான் வழக்கம். கடைகளில் விற்ற ஒற்றைச் சூட்டு வடிவமே போதுமானதாக இருந்ததும் இதனால்தான்.

மாடி ஜன்னலிலிருந்தோ சந்து முனையிலிருந்தோ சுட்டவர் துப்பாக்கியை வைத்துக்கொள்ள மாட்டார். அங்கேயே காத்திருக்கும் இன்னொருவர், பெரும்பாலும் ஓர் இளம்பெண், அதை வாங்கிக்கொண்டு கொல்லைப்புறம் வழியாக வேறு வீட்டுக்குப் போவார். சுட்டவர் கைகழுவி, சட்டை மாற்றி, வெறுங்கையோடு தெருவில் நடப்பார். 1972ல் மட்டும் வட அயர்லாந்தில் ஏறக்குறைய 480 பேர் இறந்தார்கள். அவர்களில் நூறு பேருக்கு மேல் பிரிட்டிஷ் ராணுவத்தினர். எல்லாம் ஆர்மலைட்டின் வேலையல்ல. குண்டுவெடிப்புகளும், பிரிட்டனோடு இருக்க விரும்பிய புராட்டஸ்டன்ட் எதிர்த்தரப்பு ஆயுதக் குழுக்களின் கொலைகளும் ராணுவத்தின் துப்பாக்கிச்சூடும் அந்தக் கணக்கில் உண்டு.

ராணுவம் நடையையே மாற்றிக்கொண்டது. முகாம் வாசலைத் தாண்டும் வீரர்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடித்தான் தெருவில் நுழைவார்கள். ரோந்தின் கடைசி ஆள் பின்னோக்கியே நடப்பான். டிவிஸ் அடுக்குமாடியின் உச்சியில் கண்காணிப்புச் சாவடி வந்தது. மடித்து மறைக்கக்கூடிய துப்பாக்கி எந்த வீட்டிலும் இருக்கலாம் என்பதால், எல்லா வீடும் சந்தேகத்துக்குரிய வீடானது. 1971ல் சுமார் 17,000 வீடுகளைச் சோதித்த பாதுகாப்புப் படையினர், 1973ல் 74,000க்கும் மேல் சோதித்தார்கள். வட அயர்லாந்தின் மொத்த மக்கள்தொகையே அன்று பதினைந்து லட்சம். தரைப் பலகையைப் பெயர்த்து, புகைபோக்கியைக் குடைந்து, குழந்தைகள் தூங்கும் கட்டிலைப் புரட்டிவிட்டுப் போனால், எதுவும் கிடைக்காத வீட்டிலும் அடுத்த தலைமுறைக்கான ஓர் ஆள் தயாராகிவிடுவான். ஆயுதத்தின் அளவு ராணுவத்தின் நடத்தையையும், ராணுவத்தின் நடத்தை ஆள்சேர்ப்பையும் தீர்மானித்த இந்தச் சுழல்தான் இந்த நிகழ்வில் மிக முக்கியமான பாடம் என்று நான் கருதுகிறேன்.

பெயர் நிலைத்தது, துப்பாக்கி மாறியது

1981ல் ஐஆர்ஏ கைதி பாபி சாண்ட்ஸ் சிறையில் உண்ணாவிரதம் இருந்தபடியே நாடாளுமன்றத்துக்குத் தேர்வாகி, உண்ணாவிரதத்தின் 66வது நாளில் இறந்தார். அந்த ஆண்டு அக்டோபர் 31 அன்று டப்ளினில் நடந்த, ஐஆர்ஏவின் அரசியல் கட்சியான சின் ஃபெயினின் மாநாட்டில் டேனி மாரிசன் ஒரு கேள்வி எழுப்பினார்: ஒரு கையில் வாக்குச்சீட்டும் மறு கையில் ஆர்மலைட்டுமாக அயர்லாந்தின் ஆட்சியைப் பிடித்தால் இங்கே யாருக்காவது ஆட்சேபம் உண்டா? அன்றிலிருந்து "வாக்குப்பெட்டியும் ஆர்மலைட்டும்" என்பது ஒரு முழு அரசியல் உத்தியின் பெயராகிவிட்டது.

அவர் பேசிய நேரத்தில் அமெரிக்க வழி அடைபட்டுக்கொண்டிருந்தது. 1984 செப்டம்பரில் பாஸ்டன் பக்கத்திலிருந்து கிளம்பிய ஏழு டன் ஆயுதத்தை மரிட்டா ஆன் என்ற மீன்பிடிப் படகில் ஐரிஷ் கடற்படை கெர்ரி கடலோரத்தில் பிடித்தது. உள்ளிருந்தே தகவல் போயிருந்தது. இடத்தை நிரப்பியவர் லிபியாவை ஆண்ட கடாஃபி. 1973ல் கிளாடியா கப்பலில் அவர் அனுப்பிய ஐந்து டன் பிடிபட்டது. 1985, 86ல் நான்கு சரக்குகள் யார் கண்ணிலும் படாமல் கரைசேர்ந்தன. 1987ல் எக்சுண்ட் கப்பலைப் பிரெஞ்சுக்காரர்கள் பிரிட்டனி அருகே மடக்கியபோது அதில் சுமார் 150 டன் இருந்தது. அதன்பின் ஐஆர்ஏவின் கையில் அதிகம் காணப்பட்டது கலாஷ்னிகோவ் குடும்பத்து ஏகேஎம். சுவரோவியங்களில் ஆர்மலைட் நின்றது. நிலவறைகளில் கலாஷ்னிகோவ் நிறைந்தது.

ராணுவங்கள் ஒதுக்கிய அந்த உள்ளமைப்பும் வீண்போகவில்லை. பிரிட்டிஷ் ராணுவம் 1985ல் ஏற்ற எஸ்ஏ80, ஜப்பானின் டைப் 89, சிங்கப்பூரின் எஸ்ஏஆர் 80, ஜெர்மனியின் ஜி36 எல்லாவற்றிலும் ஏஆர்-18ன் பிஸ்டனோ போல்ட்டோ இருக்கிறது. பெல்ஃபாஸ்ட்டில் எந்தத் துப்பாக்கிக்கு அஞ்சிப் பின்னோக்கி நடந்தார்களோ, அதன் உறவுக்காரத் துப்பாக்கியைத்தான் பிரிட்டிஷ் வீரர்கள் கடைசி ஆண்டுகளில் ஏந்தினார்கள்.

வெற்றுத் தோட்டாக்கள் சொன்னது

1976 ஜனவரி 4 மாலை, அர்மா, டவுன் மாவட்டங்களில் இரண்டு கத்தோலிக்கக் குடும்பங்களின் வீடுகளுக்குள் எதிர்த்தரப்பு ஆயுதக் குழுவினர் புகுந்து சுட்டதில் ஆறு பேர் பலியானார்கள். மறுநாள் மாலை, கிளென்னான் ஜவுளி ஆலையிலிருந்து வேலை முடிந்து வந்த ஒரு மினிபஸ்ஸைக் கிங்ஸ்மில் அருகே விளக்குக் காட்டி ஒருவர் நிறுத்தினார். ராணுவச் சோதனை என்றுதான் உள்ளே இருந்தவர்கள் நினைத்தார்கள். வேலிக்குப் பின்னிருந்து ஆயுதம் ஏந்தியவர்கள் வந்து, உங்களில் கத்தோலிக்கன் யார் என்று கேட்டார்கள். ஒரே ஒருவர்தான் கத்தோலிக்கர். அவரைத்தான் கொல்லப்போகிறார்கள் என்று பயந்த சக தொழிலாளர்கள், காட்டிக்கொள்ளாதே என்று அவர் கையை அழுத்திப் பிடித்தார்கள். அவரை ஓடிவிடச் சொல்லிவிட்டு மற்ற பதினொரு பேரையும் வரிசையாக நிறுத்திச் சுட்டார்கள். ஒரு நிமிடத்துக்குள் 136 தோட்டாக்கள். பத்துப் பேர் இறந்தார்கள். ஒருவர் 18 குண்டுகள் பாய்ந்தும் பிழைத்தார்.

பயன்பட்டவற்றில் ஏஆர்-18ம் எஸ்எல்ஆரும் இருந்தன. போர்நிறுத்தம் அறிவித்திருந்த ஐஆர்ஏ தனக்குத் தொடர்பில்லை என்றது. வேறொரு பெயரில் பொறுப்பேற்பு வந்தது. மக்களைக் காக்க வந்த ஆயுதம் என்ற பேச்சு, அந்தச் சாலையோரத்தில் முழுதாக உடைந்துபோகிறது. விவசாயி வீட்டுப் பையனோ ஆலைத் தொழிலாளியோ, மதத்தைக் கேட்டுச் சுடும் துப்பாக்கிக்கு எந்த விடுதலைப் பெயரும் பொருந்தாது என்பதை இங்கே மழுப்பாமல் சொல்ல வேண்டும்.

தன்னியக்கத் துப்பாக்கி சுட்ட ஒவ்வொரு தோட்டாவின் வெற்றுக் கூட்டையும் வெளியே எறிகிறது. ஊசி குத்திய பள்ளம், கூட்டைப் பிடித்து இழுத்த கொக்கியின் கீறல், பின்தகட்டின் வரிகள் எல்லாம் பித்தளையில் பதிந்துவிடும். 5.56 குண்டு உடலுக்குள் சிதறிப்போகும், கூடு சிதறாது. காவல்துறை ஆய்வுக்கூடம் அந்தக் கூடுகளை நுண்ணோக்கியில் அருகருகே வைத்து, இந்த ஊர்ச் சாலையில் சுட்டதும் அந்த ஊர்ப் பாலத்தில் சுட்டதும் ஒரே துப்பாக்கி என்று சொல்லிவிடும். பழைய வழக்குகளை மறுபடி ஆராய்ந்த வரலாற்று விசாரணைக் குழு 2011ல், கிங்ஸ்மில்லில் பயன்பட்ட ஆயுதங்கள் நூற்றுக்கும் மேற்பட்ட மற்ற சம்பவங்களில் வெடித்தவை என்றும், கொலைகளைச் செய்தது ஐஆர்ஏதான் என்றும் முடிவுசெய்தது. முப்பத்தைந்து ஆண்டு மறுப்பை உடைத்ததில் அந்தப் பித்தளைக் கூடுகளுக்குப் பெரிய பங்குண்டு.

கூடுகள் பேசியதுபோல் துப்பாக்கிகள் பேசவில்லை. 1998 புனித வெள்ளி அமைதி ஒப்பந்தத்துக்குப் பின் ஆயுதக் களைவு இழுத்துக்கொண்டே போய், 2005 செப்டம்பர் 26 அன்று கனடாவின் ஜெனரல் ஜான் டி ஷாஸ்தலான் தலைமையிலான சர்வதேச ஆணையம், ஐஆர்ஏவின் ஆயுதங்கள் செயலிழக்கச் செய்யப்பட்டன என்று அறிவித்தது. கத்தோலிக்கப் பாதிரியார் அலெக் ரீட், மெதடிஸ்ட் போதகர் ஹரால்ட் குட் இருவரும் சாட்சிகள். ஆயுதங்களின் பட்டியல் வெளியிடப்படவில்லை. 1997ல் இயற்றிய ஆயுதக் களைவுச் சட்டப்படி, ஒப்படைத்த எந்த ஆயுதத்தையும் தடயவியல் சோதனைக்கு உட்படுத்தவும், அதை வழக்கில் சான்றாகக் காட்டவும் முடியாது.

அந்த விதி இல்லாவிட்டால் ஒரு துப்பாக்கிகூட வெளியே வந்திருக்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன். 3,500 பேரைப் பறிகொடுத்த நாட்டில் அடுத்த மரணத்தைத் தடுப்பதற்கே முதலிடம். ஆனாலும் அந்தப் பேரத்தின் விலையைக் கொடுத்தவர்கள் பேச்சுவார்த்தை மேசையில் உட்கார்ந்தவர்கள் அல்லர். எந்தத் துப்பாக்கி, எந்த ஊர்ப் பிரிவின் நிலவறையிலிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ளும் வழியை இழந்த குடும்பங்கள்தான். அவர்களுக்கு அது அன்றே சொல்லப்பட்டிருக்க வேண்டும்.

மரண விசாரணைகளை 2024 மே 1க்குள் முடிக்கச் சட்டம் கெடு வைத்திருந்தது. ஏப்ரலில் கிங்ஸ்மில் விசாரணையின் தீர்ப்பு வந்தது: அது ஐஆர்ஏ நடத்திய வெளிப்படையான மதவெறித் தாக்குதல். ஐஆர்ஏ தரப்பிலிருந்தோ அதன் அரசியல் பிரதிநிதிகளிடமிருந்தோ எந்தத் தகவலும் வரவில்லை என்பதையும் அதிகாரி பதிவுசெய்தார். அந்தப் பத்துக் கொலைகளுக்காக இதுவரை ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை.